இடது முன்சக்கரம், உள்பக்கம்

கொருக்குப்பேட்டை கேட்டில்
வண்டி வேகம் குறையும்போதுதான் முதலில் கேட்டது.
கூட்ஸ் ரயில் முழுதும் கடந்த பின்னும்
அந்தக் கீச்சு என் பல்லில் மிச்சமிருந்தது.

"பிரேக்குலயே கால வெச்சினுகீறே" என்றேன்.
தேசப்பன் பதில் சொல்லவில்லை.
எண்ணூர் சாலையில் தினமும்
கண்டெய்னர் டிரெய்லர்களின் வால் பிடித்து ஊர்கிறவனுக்குக்
கால் வேறெங்கே இருக்கும்?
தெரிந்தும் சொன்னேன்.
சித்திரையில் சொன்னேன், ஆனியில் சொன்னேன்,
அவன் சோற்றில் கை வைக்கும்போது சொன்னேன்,
என் நாத்தனாரை வைத்துக்கொண்டும் ஒருமுறை.

சக்கரத்து ஓட்டையில் டார்ச் அடித்தால்
வெளிப்பக்க பேட் தடியாகத்தான் தெரிந்தது.
டயர் கடை தஸ்தகீர் பாய் குனிந்து பார்த்து
"இன்னும் ஒரு வருசம் ஓடும்மா" என்றார்.
எல்லோரும் வெளிப்பக்கத்தையே பார்த்தோம்.
உள்பக்கம் பார்க்க
சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

இன்று ஞாயிறு. கழற்றுகிறேன்.
தண்ணி லாரி வருவதற்குள் முடிய வேண்டும்.
பின்சக்கரத்துக்குச் செங்கல்,
நான்கு நட்டுக்கும் ஒரு எவர்சில்வர் கிண்ணம்.
கீழ் போல்ட்டை எடுத்துக் காலிப்பரை மேலே தூக்கினால்

வெளி பேட் எட்டு மில்லி.
உள் பேட்
ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இல்லை;
இரும்பு பல்லிளிக்கிறது.
டிஸ்கின் உள்முகத்தில்
மீன் பெட்டி இழுத்த சிமெண்டுத் தரைபோல் கோடுகள்.

எழுந்து போய் வலது சக்கரத்தையும் பிரித்தேன்.
அங்கே இரண்டும் ஒரே கனம்.

அப்படியென்றால் கால் இல்லை.
இருப்பது ஒரே கால்,
முன்னாலிருக்கும் நான்கு பேட்களையும் அதுதான் மிதிக்கிறது.
பாரமான கால் நான்கையும் தின்றிருக்கும்.

பிஸ்டனைச் சந்தேகப்பட்டேன்.
கிளாம்ப் திருகத் திருக
சொன்ன பேச்சுக் கேட்டு உள்ளே போனது.
காலிப்பரைத் தள்ளி இழுத்தேன்; மேல் பின் வழுக்கியது.
கீழ்ப் பின்
அசையவில்லை.

"உப்புக் காத்து" என்றாள் எதிர்வீட்டுப் பூங்காவனம்,
"ஜன்னல் கம்பியவே துன்னுது, இத்த வுடுமா?"
நம்பத் தயாராகத்தான் இருந்தேன்.
கடல்மேல் பழி போடுவது சுலபம்,
திரும்ப ஒரு வார்த்தை பேசாது,
தேசப்பனைப் போலவே.

பிளையரில் பிடித்து முறுக்கினேன்.
மணிக்கட்டு நடுங்க நடுங்க
மெல்ல வெளியே வந்தது.
துரு ஒரு பொட்டு இல்லை.
நுனியிலிருந்த ரப்பர் புஷ் மட்டும்
ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையாய் உப்பி,
சுற்றிலும் நீல கிரீஸ்.

எனக்குத் தெரியும் அந்த நீலம்.

போன தையில்
ஐஸ் பாக்டரி கம்பிரசர் ரூமிலிருந்து
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தது நான்.
அந்த பின்னுக்கு சிலிகான் கிரீஸ்தான்,
மொச்சைக்கொட்டை அளவு போதும் என்றது அவன்.
"கிரீஸுல இன்னா சாதி?" என்று சிரித்து
விரல் விரலாய் அப்பியது நான்.
ரப்பர் குடித்துக் குடித்து வீங்கியிருக்கிறது,
ஏழு மாதம்.
நகர முடியாத காலிப்பர்
கைக்குக் கிடைத்த பக்கத்தையே அரைத்திருக்கிறது.

தெருமுனையில் லாரி ஹாரன்.
இரண்டு குடத்தோடு அவன் இறங்கி வருகிறான்.
"இன்னா ஆச்சி?"
உப்பு என்று சொல்லியிருக்கலாம்.
பூங்காவனம் சாட்சிக்கும் நின்றிருந்தாள்.
பின்னை நீட்டினேன்.

வாங்கி, திருப்பி, மூக்கருகே கொண்டுபோனான்.
"கம்பிரசர்" என்றான்.
அவ்வளவுதான்.
குடங்களோடு வரிசைக்கு நடந்தவன்
பாதியில் திரும்பி,
"ரெண்டு சைடுமே மாத்திடு.
ஒண்ண மட்டும் மாத்துனா வண்டி இழுக்கும்."

ஸ்பேர் கடை நாளைக்குத்தான்.
அதுவரை சாண்ட்ரோ ஜாக்கிமேல்,
ஒரு காலைத் தூக்கிய நாய்போல.
காலையில் இருவரும் பஸ்ஸில் போவோம்.
ஜன்னலோரம் அவனுக்கு.